உங்கள் பணம் சமையலறையில் கரையவில்லை

கேள்வி:

வணக்கம் மேடம். தஞ்சாவூர் பக்கம் ஒரு சிறிய ஊரில் மாமனார் கட்டிய சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் கம்பெனியில் கைக்கு 34,000 வருகிறது. நான் வீட்டில் தைத்து 5,500 வரை சம்பாதிக்கிறேன். எட்டாவதும் நான்காவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார். இந்த வருடம் பாலை ஒரு லிட்டரில் இருந்து அரை லிட்டர் ஆக்கிவிட்டேன். பழம், பூ, சாயங்காலப் பலகாரம் எல்லாம் நிறுத்தியாயிற்று. ஆனாலும் 22-ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. "உனக்குக் குடும்பம் நடத்தத் தெரியவில்லை" என்கிறார் கணவர். மாதச் செலவுப் பட்டியலையும் கடன் விவரத்தையும் இணைத்திருக்கிறேன். இன்னும் எதைக் குறைக்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பாலை மறுபடி ஒரு லிட்டர் ஆக்குங்கள். வாரத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது வாங்குங்கள். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம். அதில் உங்களுக்கு மிச்சமானது மாதம் 600 ரூபாய். அதைவிடப் பல மடங்கு பணம் வேறு இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் பட்டியலை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். மளிகை 7,000, காய்கறி, பால், முட்டை, மீன் 6,000, கேஸ் 900, மின்சாரம் மாதக் கணக்கில் 1,150, போன், கேபிள் 1,500, பெட்ரோல் 3,000, பள்ளி வேன் 2,400, டியூஷன் 1,500, மாமியார் மருந்து 1,900, பைக் தவணை 3,200, நகை வட்டி 2,400, கிரெடிட் கார்டு 2,000, சீட்டு 2,000, எல்ஐசி 1,500. மொத்தம் 36,450. வருமானம் 39,500. அப்படியானால் மாதம் 3,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். ஏன் மிஞ்சவில்லை?

பட்டியலில் பள்ளிக் கட்டணம் இல்லை. தீபாவளி இல்லை. மொய் இல்லை, வீட்டு வரி இல்லை, பைக் இன்சூரன்ஸ் இல்லை. மாதாமாதம் வராததால் நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்தபோது பதினான்கு வருடம் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் அங்கே நிற்க இடம் இருக்காது. கழுத்தில் போட்டிருப்பதைக் கழற்றி அங்கேயே கைக்குட்டையில் வைத்து நீட்டுவார்கள். கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்." விவசாயக் குடும்பங்களாவது தை அறுவடை முடிந்து வந்து மீட்டுப் போவார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தனியாக ஒரு அறுவடை கிடையாது. அவர்கள் வட்டி மட்டும் கட்டிவிட்டுத் திருப்பி வைப்பார்கள்.

உங்கள் கடன் விவரத்தைத் தேதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். 2023 ஜூனில் மூன்று பவுன் ஆரம், 70,000. 2024 ஜூனில் இரண்டு பவுன் வளையல், 50,000. கடந்த ஜூனில் அடகு வைக்க நகை இல்லை, அதனால் கார்டைத் தேய்த்து 40,000. மூன்றும் ஜூன் மாதம். நீங்கள் கடிதத்தில் இன்னொரு பக்கம் எழுதியிருக்கும் தொகைகளை வைத்து வருடச் செலவைக் கணக்கிட்டேன்: கட்டணம் 58,000, நோட்டு, யூனிஃபார்ம், ஷூ 9,000, தீபாவளி 15,000, மொய் முறை 12,000, வரியும் பைக் செலவும் 8,000. மொத்தம் 1,02,000. மாதத்துக்கு 8,500 என்று ஆகிறது. மிஞ்சுவது 3,000, தேவையோ 8,500. மாதம் 5,500, வருடத்துக்கு 66,000 பள்ளம். அந்தப் பள்ளத்தைத்தான் நகையும் கார்டும் நிரப்பியிருக்கின்றன. பூ வாங்காமல் இருந்து இதை அடைக்க முடியாது.

இந்த இடத்தை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி, பால், மீன் எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 13,000 ரூபாயில் சமைக்கிற ஒருவரைக் குடும்பம் நடத்தத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. தவறு யாருடைய கையிலும் இல்லை. வருடச் செலவுக்கு மாதாமாதம் ஒதுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அது இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

இனி எங்கே பணத்தை எடுப்பது என்று பார்ப்போம்.

முதலில் கார்டு, ஏனென்றால் அதுதான் அதிகம் அரிக்கிறது. பாக்கி 38,000. மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று ஸ்டேட்மென்டில் இருக்கிறது, அதாவது 1,330 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 1,570. நீங்கள் கட்டும் 2,000-ல் கடனில் குறைவது வெறும் 430. ஐந்து மாதத்தில் 10,000 கட்டியும் கடன் 2,000 மட்டுமே இறங்கியிருப்பதற்கு இதுதான் காரணம். அதோடு, பாக்கி இருக்கும் கார்டில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். மளிகையைக் கூட அதில் வாங்காதீர்கள்.

இதை அடைக்க உங்கள் கையிலேயே வழி இருக்கிறது. 40,000 ரூபாய் ஏலச் சீட்டில் ஒன்பது மாதம் கட்டியிருக்கிறீர்கள், இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. கடைசி வரை இருந்து முழுத் தொகையாக எடுக்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். மற்ற நேரத்தில் அது நல்ல யோசனைதான். இப்போது வேண்டாம். அடுத்த ஏலத்தில் 4,000 ரூபாய் தள்ளி 36,000-க்கு எடுத்தாலும் உங்களுக்கு லாபம். பதினொரு மாதம் இதே கார்டு பாக்கி ஓடினால் வட்டி மட்டும் 14,000-க்கு மேல் போகும். எடுத்த அன்றே கார்டில் கட்டுங்கள். மீதி 2,000-ஐ அந்த மாத மிச்சத்தில் முடித்துவிடுங்கள். எடுத்த பணம் வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தங்க வேண்டாம். அப்புறம், இந்தச் சீட்டு பதிவு செய்ததுதானா, பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் வரவு எழுதியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இது முடிந்தபின் வேறு சீட்டு சேருவதானால், பதிவு பெற்ற நிறுவனமாக மட்டும் பாருங்கள்.

அடுத்து நகை. அடகுக்கடையில் 1,20,000-க்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 2,400, வருடத்துக்கு 28,800. அதே தொகைக்கு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வருடம் ஒன்பது பத்து சதவீத அளவில் நகைக்கடன் கிடைக்கும். அதிகபட்சம் 12,000. வருடத்துக்கு 16,800 ரூபாய் மிச்சம். உங்கள் மகளின் கட்டணத்தில் ஒரு நல்ல பகுதி இது.

"மீட்கப் பணம் வேண்டுமே" என்று நினைப்பீர்கள். இரண்டு ரசீது இருப்பது இங்கே நல்லது. அண்ணன் உதவுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரே ஒரு நாளுக்கு 50,000 கேளுங்கள். காலையில் வளையலை மீட்டு, அதே நாளில் வங்கியில் வைத்துவிடுங்கள். நீங்கள் அடகு வைத்தபோது இருந்த விலைக்கும் இன்றைய விலைக்கும் தூரம் அதிகம். அந்த இரண்டு பவுனுக்கே 1,20,000 கிடைக்க வாய்ப்பு உண்டு. கிடைத்தால் அண்ணன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மீதி 70,000-ல் ஆரத்தையும் மீட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ஆரத்தை அடுத்து மாற்றிக்கொள்ளலாம். கடையில் இருந்ததைவிட வங்கியில் பாதி வட்டிக்கும் கீழே தான்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள். மதிப்பீடு செய்ததும், "இந்த நகைக்கு இன்னும் கூடக் கொடுக்கலாமே, வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். நானே அந்த இருக்கையில் இருந்து கேட்டிருக்கிறேன், அது எங்கள் வேலை. 1,20,000-க்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். கடன் போடும்போதே, இடையில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கட்டலாம். கேட்காததால் பலருக்கு அது தெரியாது. பணம் கைக்கு வரும்போது 5,000, 10,000 என்று அசலில் போட்டால் வட்டி அன்றிலிருந்து குறையும்.

மாமியார் மருந்துக்கு வருகிறேன். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். இப்போதைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரையை எதற்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும், நாமாக மாற்றக் கூடாது. அங்கே இல்லாததை முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கேளுங்கள். ஒரே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் மிகக் குறைந்த விலையில் இருக்கும். "கவர்மென்ட் மாத்திரை கேட்குமா" என்று பெரியவர் தயங்குவது இயல்பு. மகன் கூட்டிக்கொண்டு போகட்டும், மருமகள் சொல்வதைவிட அது எளிதாக ஏறும். இரண்டு மாதம் கழித்து சர்க்கரை அளவைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வந்துவிடும். 1,900-ல் 1,300 ரூபாய் வரை மிச்சமாகும் என்று வைத்துக்கொள்கிறேன்.

மின்சாரத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கடைசி பில் 520 யூனிட். நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதற்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குச் சலுகை விலை. ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தச் சலுகை போய்விடும், தாண்டிய யூனிட்டுக்கு விலையும் ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்துப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு ஏறக்குறைய 1,800 ரூபாய், 520-க்கு 2,200 ரூபாய். கடைசி இருபது யூனிட்டுக்கு மட்டும் 400 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்காக விளக்கை அணைத்து விட்டு இருட்டில் உட்கார வேண்டியதில்லை. மாமியார் அறையில் பகலும் இரவுமாகப் பதினெட்டு மணி நேரம் ஓடும் பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும். அதன் இடத்தில் பிஎல்டிசி ஃபேன் ஒன்று, 30 வாட். வித்தியாசம் 45 வாட். பதினெட்டு மணி நேரம், அறுபது நாள் என்றால் 48 யூனிட்டுக்கு மேல். ஒரே ஒரு ஃபேன் உங்களை 520-ல் இருந்து 471-க்குக் கொண்டு வந்துவிடும், பில் 1,600 சொச்சத்துக்கு இறங்கும். 3,000 ரூபாய் ஃபேன் ஒரு வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், அதிக நேரம் ஓடுவதை மட்டும் மாற்றுங்கள். தவணையில் வாங்காதீர்கள். ரீடிங் எடுத்த நாளில் இருந்து நாற்பதாவது நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். 330 யூனிட்டுக்கு மேல் போயிருந்தால், மீதி இருபது நாளுக்கு ஹீட்டரைக் குறைத்துக்கொள்ளலாம். 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

ரேஷனில் சர்க்கரை மட்டும் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்களே, அதை ஏன் விட வேண்டும்? சாம்பாருக்கு அந்தப் பருப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே ஊறப் போட்டால் குக்கரில் நன்றாக மசியும், கேஸும் குறையும். அரிசி அட்டை வைத்திருக்கிறீர்கள். இலவசப் புழுங்கலரிசியைச் சோற்றுக்கு வேண்டாம் என்றால் இட்லிக்குப் போடுங்கள், மாவு நன்றாகப் பொங்கி வரும். இதில் 200 ரூபாய் கிடைக்கும். மளிகையில் இதற்கு மேல் நான் கை வைக்க மாட்டேன். எல்ஐசியையும் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடும்.

கார்டில் 2,000, நகையில் 1,400, மருந்தில் 1,300, மின்சாரத்தில் 300, ரேஷனில் 200. மொத்தம் 5,200. பாலுக்குத் திருப்பிக் கொடுத்த 600 போக 4,600. ஏற்கெனவே மிஞ்ச வேண்டிய 3,000-த்தையும் சேர்த்தால் 7,600. இது ஜூன் பணம். ஏடிஎம் கார்டு வாங்காத ஒரு தனிக் கணக்கில், சம்பளம் வந்த மறுநாளே போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது.

இப்போது தீபாவளி முடிந்திருக்கிறது. ஜூனுக்கு ஏழு மாதம். இந்தக் கணக்கில் 53,000 சேரும். நடுவில் பொங்கல் வருகிறது, இரண்டு கல்யாணமும் வரலாம். ஆகவே வரும் ஜூனில் முழுக் கட்டணமும் கையில் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்காக மறுபடி அடகுக்கடைக்குப் போக வேண்டாம். ஏப்ரலிலேயே பள்ளிக்குப் போய், பாதியை ஜூனிலும் மீதியை அக்டோபரிலும் கட்டுவதாகக் கேளுங்கள். முன்கூட்டி வந்து கேட்கிற பெற்றோரிடம் பள்ளிகள் பெரும்பாலும் இணங்கும். தனியார் பள்ளிகளுக்குக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் சட்டமே வந்திருக்கிறது, உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையையும் ரசீதையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொய்க்கு ஒரு வழி சொல்கிறேன். உங்கள் புதுமனை புகுவிழா, காதுகுத்து மொய் நோட்டை எடுங்கள். அதில் எழுதியவர்களில் யார் வீட்டில் வரும் தையிலும் வைகாசியிலும் விசேஷம் இருக்கிறது என்று உங்கள் மாமியாருக்குத் தெரியும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதுங்கள். மொய் திடீரென்று வருகிற செலவே கிடையாது. நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்வது, யாருக்கு எவ்வளவு என்பது நோட்டிலேயே இருக்கிறது.

பைக் தவணை ஒன்பது மாதத்தில் முடிகிறது என்றீர்கள். அது முடிகிற மாதம் ஷோரூமில் இருந்து போன் வரும், புதிய வண்டிக்கும் போனுக்கும் கடன் தருவதாக. அந்த 3,200-க்கு இப்போதே வேலை கொடுத்துவிடுங்கள். முதல் 900 ரூபாய், ஜூன் பணத்தை 8,500 ஆக்குவதற்கு. மீதி 2,300 நகைக்கடன் அசலுக்கு. அதற்கடுத்து சீட்டும் முடியும், அந்த 2,000-மும் அசலுக்கே. அப்படி மாதம் 4,300 போனால், இன்றைய 1,20,000 மூன்று வருடத்துக்குள் தீர்ந்து, நகை முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும்.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்கள். சீட்டு நடத்துபவரிடம் அடுத்த ஏலத் தேதியைக் கேட்டு, நீங்கள் எடுக்கப் போவதாகச் சொல்லிவிடுங்கள். அடகுக்கடைக்குப் போய், வளையல் ரசீதுக்கு இன்றைய தேதியில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மீட்கிற அன்று கணவரையும் அழைத்துப் போங்கள். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன், ரசீதில் எழுதிய எடையும் தராசில் காட்டும் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வங்கியில் எவ்வளவு கிடைத்தது, ஏலத்தில் எவ்வளவு தள்ளினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த எண்கள் வந்ததும் ஜூன் கணக்கைத் திருத்தி அனுப்புகிறேன்.